தேநீரும் ஈரலும்: கமக்காரர் அறிய வேண்டிய சீனிக் கணக்கு

கமக்காரர் வீட்டில் அடுப்பு மூட்டியதும் முதலில் ஏறுவது தேநீருக்கான கேத்தலே. விடியுமுன் வயலுக்குத் தண்ணீர் கட்டச் செல்பவர் ஒரு கோப்பை தேநீர் அருந்திச் செல்கிறார். காலை பத்து மணிக்கு வரம்பில் இன்னொரு கோப்பை. மதிய உணவின் பின் ஒன்று. மாலையில் வீடு திரும்பியதும் ஒன்று. இரவு காவலுக்குப் புறப்படுமுன் மற்றுமொன்று. அருவி வெட்டு, களை பிடுங்கல், மரக்கறி பிடுங்கல் என ஆட்கள் கூடும் நாட்களில் இத்தொகை மேலும் உயரும். வேலைக்கு வந்தவர்களுக்கு உரிய வேளையில் தேநீர் கொடாத கமக்காரரை ஊர் மதிப்பதுமில்லை.

இத்தேநீர் உடலுக்கு நன்மை பயக்குமா, தீமை பயக்குமா என்னும் கேள்வி பலரிடம் உண்டு. தேயிலை ஈரலைக் கெடுக்கும் என்பர் ஒரு சாரார். நீரிழிவுக்கும் ஈரற் கொழுப்புக்கும் தேயிலையே மருந்து என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுக்களும் உண்மையிலிருந்து விலகியவை. கோப்பையிலுள்ள தேயிலையையும், அதனுடன் சேரும் சீனியையும் வெவ்வேறாகப் பிரித்துப் பார்த்தாலன்றி இக்கேள்விக்கு விடை கிடையாது.

தேயிலையில் உள்ளவை

இலங்கையில் வாணிப நோக்கில் தேயிலைச் செய்கை 1867 ஆம் ஆண்டில் தொடங்கியது. யேம்சு தெயிலர் என்பவர் கண்டிப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை அழித்தபின், மலைநாடு முழுவதும் தேயிலை பரவிற்று. அதற்கு முன்னர் கமக்காரர் வயலுக்குக் கொண்டு சென்றவை பழஞ்சோற்றுத் தண்ணீரும் மோருமே.

பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் ஒரே செடியின் கொழுந்திலிருந்து பெறப்படுபவை. கொழுந்தை உடனே சூடாக்கி உலர்த்தினால் பச்சைத் தேயிலை கிடைக்கும். வாடவிட்டு நசுக்கி, காற்றிலுள்ள ஒட்சிசன் படுமாறு வைத்தால் இலையிலுள்ள நொதியங்கள் தொழிற்பட்டு அது கறுப்புத் தேயிலையாக மாறும். இரண்டிலும் பல்பீனோல் என்னும் வகையைச் சேர்ந்த துவர்ப்புப் பொருட்கள் உண்டு. இரண்டிலும் கபேயின் என்னும் ஊக்கப் பொருளும் உண்டு. சோர்வு நீங்கி உற்சாகம் பிறப்பது இக்கபேயினாலேயே.

சீனியும் பாலும் சேராத ஒரு கோப்பைத் தேநீரில் ஓரிரண்டு கலோரிக்கு மேல் சத்தில்லை. ஆகவே, தேயிலைச் சாறு மட்டும் எவரையும் பருக்கச் செய்யாது. ஈரலிற் கொழுப்பையும் சேர்க்காது.

ஈரலின் தொழில்

வலப்புற விலாவெலும்புகளின் கீழ் அமைந்துள்ள ஈரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோகிராம் நிறையுடையது. உண்ட உணவு சமித்தபின், அதன் பெரும்பகுதி முதலில் ஈரலையே அடைகிறது. உடலுக்கு உடனே தேவைப்படாத குளுக்கோசை ஈரல் கிளைக்கோசன் என்னும் பொருளாக மாற்றிச் சேமிக்கிறது. உணவில்லாத வேளையில் அதனைத் திரும்பக் குளுக்கோசாக்கிக் குருதிக்கு வழங்குகிறது.

இவ்வகையில் ஈரலைக் கமக்காரரின் நெற்கொம்பறைக்கு ஒப்பிடலாம். ஆயினும் இக்கொம்பறை சிறியது. இதில் அடங்குவது ஏறக்குறைய 100 கிராம் மட்டுமே. கொம்பறை நிறைந்த பின்னரும் வரத்து நிற்காவிடின், மிஞ்சியதை ஈரல் கொழுப்பாக மாற்றுகிறது. அக்கொழுப்பின் ஒரு பகுதி வயிற்றைச் சுற்றிப் படிகிறது. ஒரு பகுதி ஈரலிலேயே தங்கிவிடுகிறது. ஈரலின் நிறையில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் கொழுப்புச் சேர்ந்துவிட்டால் அதனைக் கொழுப்பு ஈரல் என வைத்தியர் கூறுவர்.

சீனியின் தன்மையும் இங்கு கவனிக்கத்தக்கது. சீனியில் பாதி குளுக்கோசு, மறுபாதி புரக்டோசு. குளுக்கோசைத் தசைகள் உட்பட உடலின் எல்லா உறுப்புக்களும் பயன்படுத்தும். புரக்டோசையோ பெரும்பாலும் ஈரலே கையாள வேண்டியுள்ளது. அளவுக்கு மிஞ்சிய புரக்டோசு ஈரலில் எளிதாகக் கொழுப்பாக மாறும். ஆகையால், ஒரே அளவு சக்தி தரும் சோற்றினும் சீனியே ஈரலுக்குப் பெருஞ்சுமையாகிறது.

கொழுப்பு ஈரல் தொடக்கத்தில் வலியோ காய்ச்சலோ தராது. பல ஆண்டுகள் மறைந்திருந்து, சிலரிடம் ஈரலை அழற்சியுறச் செய்து, இறுதியில் அது சுருங்கி இறுகும் நிலைக்குக் கொண்டு செல்லும். நீரிழிவும் இதனுடன் கைகோத்து நிற்பது. ஒன்று உள்ளவரிடம் மற்றது தோன்றும் வாய்ப்பு அதிகம்.

இவை அயல்நாட்டு நோய்கள் என எண்ண வேண்டாம். கம்பகா மாவட்டத்து இராகமைப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையுள்ளோரிடம் நடத்தப்பெற்று 2009 இல் வெளியான ஆய்வில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குக் கொழுப்பு ஈரல் காணப்பட்டது. 2005-2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடைபெற்ற நீரிழிவு ஆய்வு, வயது வந்தோரில் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் நீரிழிவுடையோர் என்றும், அவர்களுள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் தம் நோயை அறியாதிருந்தனர் என்றும் காட்டிற்று.

ஓராண்டுச் சீனிக் கணக்கு

வரவு செலவு எழுதாமற் செய்யும் கமத்தில் இலாபநட்டம் தெரியாதது போலவே, கரண்டிக் கணக்குப் பாராமற் குடிக்கும் தேநீரிலும் சீனியின் அளவு தெரிவதில்லை. மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டிச் சீனி 4 கிராம் நிறையுடையது. குவித்து எடுத்தால் இன்னும் கூடும். ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி வீதம் நாளொன்றுக்கு ஐந்து கோப்பை அருந்துபவரின் கணக்குப் பின்வருமாறு:

ஒரு கோப்பையில் - 12 கிராம்
ஒரு நாளில் - 60 கிராம் (240 கலோரி)
ஓராண்டில் - ஏறக்குறைய 22 கிலோகிராம்

இவ்வாறு அருந்தும் நால்வர் வாழும் வீட்டில், தேநீருக்கு மட்டும் ஆண்டுக்கு 87 கிலோகிராமுக்கு மேல் சீனி செலவாகும். இது 50 கிலோகிராம் கொண்ட ஒன்றேமுக்கால் மூடை. இச்சீனி நால்வரின் ஈரல்களையும் கடந்தே செல்ல வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட அறிவுரையின்படி, உணவிலும் பானத்திலும் சேர்க்கப்படும் சீனி, நாளாந்த சக்தியில் நூற்றுக்கு 10 பங்கை விஞ்சக்கூடாது. 5 பங்குக்குள் அடங்குவது மேலும் நன்று. ஐந்து பங்கென்பது ஏறக்குறைய 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. மேற்கண்ட கமக்காரர் தேநீரிலேயே அதன் இருமடங்குக்கு மேல் உட்கொள்கிறார். பணிசும் குளிர்பானமும் இக்கணக்கில் இன்னும் சேரவில்லை.

பனங்கட்டியும் ரின்பாலும்

சீனி தீது, பனங்கட்டி நன்று என்னும் எண்ணம் பரவலாக உண்டு. பனங்கட்டி, கித்துள் கருப்பட்டி ஆகியவற்றில் சிறிதளவு கனியுப்புக்கள் உள்ளமை உண்மையே. ஆயினும் அவற்றின் பெரும்பகுதி சீனியிலுள்ள அதே வெல்லமேயாகும். ஈரல் அவற்றை வேறாகக் கருதுவதில்லை. எனினும், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் அருந்தும் பழைய வழக்கத்தில் ஒரு நன்மை உண்டு. கையிலுள்ள துண்டு கண்ணுக்குத் தெரியும். அதனைச் சிறிதாக்குவதும் எளிது. கோப்பையிற் கரைந்த சீனியோ கண்ணுக்குத் தெரிவதில்லை.

ரின்பால் எனப்படும் இனிப்பூட்டிய கட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி வெல்லமே. ரின்பால் ஊற்றிய தேநீருக்கு மேலும் சீனியிடுவது ஒரே வயலுக்கு இருமுறை உரமிடுவதற்கு ஒப்பாகும். பசும்பாலோ பால்மாவோ அளவாகச் சேர்ப்பதில் குற்றமில்லை. ஆயின், பாற்றேநீருக்குச் சீனி மிகுதியாக இடும் வழக்கமே கவனிக்க வேண்டியது.

ஆராய்ச்சிகள் கூறுவன

தேயிலை பற்றிய ஆராய்ச்சிகள் பல நாடுகளில் நடைபெற்றுள்ளன. எட்டு நாடுகளைச் சேர்ந்த 19 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரின் விபரங்களை நோக்கிய கணிப்பு 2022 இல் வெளியாயிற்று. நாளொன்றுக்கு நான்கு கோப்பையோ அதற்கு மேலோ தேநீர் அருந்தியோரிடம் நீரிழிவு தோன்றும் வாய்ப்பு, அருந்தாதோரிலும் நூற்றுக்கு 17 பங்கு குறைவாக இருந்தது. எனினும் அதே ஆய்வாளர் சீனாவில் 5,199 பேரின் விபரங்களைத் தனித்து நோக்கியபோது அவ்வாறான வேறுபாடு எதுவும் காணப்படவில்லை.

அதே ஆண்டில் பிரித்தானியாவில் ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர் பற்றிய ஆய்வொன்றும் வெளிவந்தது. பெரும்பாலும் கறுப்புத் தேநீர் அருந்தும் அம்மக்களுள், நாளுக்கு இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ அருந்தியோரிடம் இறப்பு வீதம் சிறிது குறைவாக இருந்தது. ஈரலைப் பொறுத்தவரை, கொழுப்பு ஈரல் உடையோருக்குப் பச்சைத் தேயிலை கொடுத்துச் செய்த சில சிறு சோதனைகளில் குருதிப் பரிசோதனை அளவுகள் சற்றே சீரடைந்தன. கோப்பியினால் ஈரலுக்கு விளையும் நன்மைக்கு இதனிலும் கூடிய சான்றுகள் உண்டு.

இவற்றை எவ்வாறு விளங்கிக்கொள்ள வேண்டும்? ஒரு வயலில் விளைச்சல் கூடினால், அது விதையினாலா, நீரினாலா, மண்ணினாலா என்பதை அருகருகே பாத்தி கட்டிச் சோதித்தாலன்றி அறிய முடியாது. மேற்கூறிய பெரிய ஆய்வுகள் மக்களின் பழக்கங்களைக் கவனித்துக் கணக்கிட்டவை. பாத்தி கட்டிச் செய்த சோதனைகள் அல்ல. தேநீர் அருந்துவோரின் மற்றைய நற்பழக்கங்களும் அந்த நன்மைக்குக் காரணமாகலாம். ஆகவே, தேநீர் பகையன்று என்று துணிந்து கூறலாம். மருந்து என்று கூறுவதற்கில்லை.

உழைப்புக் குறைந்தது, சீனி குறையவில்லை

வெயிலில் உழைப்பவனுக்குச் சீனி வியர்வையுடன் போய்விடும் என்பது பலரின் நம்பிக்கை. சீனி வியர்வையுடன் வெளியேறுவதில்லை. தசைகள் உழைத்து எரித்தால் மட்டுமே குறையும். எருமை பூட்டி உழுது, கையால் அருவி வெட்டி, சூடு மிதித்துத் தூற்றி, மூடை சுமந்த காலத்தில் அவ்வுழைப்புச் சீனியை எரித்தது உண்மையே.

இன்று உழவு இயந்திரம் உழுகிறது. அறுவடை இயந்திரம் வெட்டித் தூற்றி நெல்லைச் சாக்கில் இடுகிறது. நீரிறைக்கும் இயந்திரம் துலா மிதித்தவரின் வேலையைச் செய்கிறது. கமக்காரரின் உடல் நோவு குறைந்தது நல்லதே. ஆனால் உழைப்புப் பாதியான பின்னரும் கரண்டி மூன்றாகவே நிற்கிறது. பாட்டனார் குடித்த தேநீரைப் பேரன் அதே அளவில் குடிக்கலாம். பாட்டனார் இட்ட சீனியை இடுதல் ஆகாது.

தேயிலைக் குளிகைகள்

பச்சைத் தேயிலைச் சாற்றைச் செறிவாக்கிக் குளிகைகளில் அடைத்து, உடல் மெலிவதற்கென விற்பனை செய்கின்றனர். கோப்பையில் ஊறிய தேயிலையால் விளையாத தீங்கு இக்குளிகைகளால் விளையக்கூடும். இவற்றை உட்கொண்ட சிலருக்குக் கடுமையான ஈரலழற்சி ஏற்பட்டுள்ளது. தேயிலையின் முதன்மையான பல்பீனோலை நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ குளிகையாக உட்கொள்வது ஈரலைத் தாக்கும் அறிகுறிகளைத் தரும் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018 இல் அறிவித்தது. அளவான யூரியா பயிரை வளர்க்கும். அள்ளிக் கொட்டிய யூரியா பயிரைச் சாய்க்கும். ஆதலின் இக்குளிகைகளைத் தவிர்த்தலே தக்கது.

உணவும் தேநீரும்

தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் கீரை, பயறு, அரிசி ஆகியவற்றிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்காமல் தடுக்கும். எனவே உணவுடனோ உண்ட உடனேயோ தேநீர் அருந்தாது, ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விட வேண்டும். கர்ப்பிணித் தாய்மாரும் சிறுபிள்ளைகளும் இதில் மிகுந்த கவனமாயிருத்தல் அவசியம். சிகிச்சை நிலையத்தில் வழங்கப்படும் இரும்புக் குளிகையைத் தேநீருடன் விழுங்கினால் அதன் பயனிற் பெரும்பகுதி வீணாகும். தண்ணீருடனேயே அதனை விழுங்க வேண்டும்.

காலை உணவுக்குப் பதிலாக இனிப்புத் தேநீரைக் குடித்துவிட்டு வயலுக்குச் செல்வதும் தவறான வழக்கமாகும். பசி தற்காலிகமாக அடங்கும். ஆனால் நண்பகலில் அளவுக்கு மிஞ்சி உண்ணத் தூண்டும். 65 பாகைக்கு மேற்பட்ட கொதிச்சூட்டுடன் எந்தப் பானத்தை அருந்தினாலும் உணவுக்குழாயிற் புற்றுநோய் தோன்ற இடமுண்டென 2016 இல் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் எச்சரித்துள்ளது. ஆகவே, சில நிமிடம் ஆறவிட்டு அருந்துக.

சீனியைக் குறைக்கும் முறை

ஒரே நாளிற் சீனியை நிறுத்தியவர் பெரும்பாலும் ஒரு வாரத்திற் பழைய அளவுக்கே திரும்பிவிடுவர். நாக்கு மெல்ல மெல்லப் பழகுவது. மூன்றரை மாத நெல்லின் வயது ஏறக்குறைய 15 வாரம். விதைப்பு நாளில் தொடங்கி, மூன்று வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து வந்தால், அறுவடைக்குள் இக்காரியம் முடிந்துவிடும். மூன்று கரண்டி இடுவோர் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளலாம்:

விதைப்பு வாரத்திலிருந்து - கோப்பைக்கு இரண்டரைக் கரண்டி
4 ஆம் வாரம், மட்டம் வெடிக்கும் பருவம் - இரண்டு கரண்டி
7 ஆம் வாரம் - ஒன்றரைக் கரண்டி
10 ஆம் வாரம், குடலைப் பருவம் - ஒரு கரண்டி
13 ஆம் வாரம், மணி முற்றும் பருவம் - அரைக் கரண்டி

ஐந்து கோப்பைக்கு அரைக் கரண்டி வீதமெனின் நாளுக்கு 10 கிராம் மட்டுமே செல்லும். ஓராண்டில் ஒருவருக்கு ஏறக்குறைய 18 கிலோகிராம் சீனி மிச்சமாகும். மரக்கறி செய்வோர் தத்தம் பயிரின் காலத்துக்கேற்ப இவ்வொழுங்கை அமைத்துக்கொள்ளலாம். கரண்டியை எப்பொழுதும் மட்டமாக எடுத்தல் வேண்டும். வேலையாட்களுக்குத் தேநீர் கொண்டு செல்லும்போது கேத்தலிலேயே சீனியைக் கலக்காது, சீனியைத் தனியே கொண்டு சென்றால் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய அளவை இட்டுக்கொள்வர்.

சுவை குன்றாதிருக்கத் தேநீரைச் சரியாகத் தயாரித்தல் வேண்டும். கோப்பைக்கு ஒரு தேக்கரண்டித் தேயிலையிட்டு, கொதித்த நீரை ஊற்றி, மூன்று முதல் ஐந்து நிமிடம் மூடிவைத்து வடித்தெடுக்க. தேயிலையை நெடுநேரம் கொதிக்கவிட்டால் கைப்பும் துவர்ப்பும் மிகும். அதை மறைக்கவே கூடுதலான சீனி தேவைப்படுகிறது. இஞ்சி, ஏலம், கறுவா ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்ப்பின் இனிப்புக் குறைந்தது தெரியாது. கறுவாவில் இலங்கைக் கறுவாவே உகந்தது. தடித்த பட்டையுடைய சீனக் கறுவாவிலுள்ள குமாரின் என்னும் பொருள் மிகுந்தால் ஈரலைத் தாக்கும். இலங்கைக் கறுவாவில் அது மிகச் சொற்பமே.

நோயாளர் கவனிக்க வேண்டியவை

நீரிழிவுக்கு இன்சுலினோ குளிகையோ பெறுவோர் சீனியைக் குறைக்கத் தொடங்குமுன் வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். இவர்கள் உண்ணாமல் வயலில் உழைத்தால் குருதியிற் சீனி திடீரென விழுந்து, நடுக்கமும் மயக்கமும் உண்டாகலாம். அவ்வேளையில் சீனியே மருந்து. ஆகவே சிறு பொதியிற் சீனியை மடியில் வைத்திருத்தலும், உடன் வேலை செய்வோருக்கு நோயை அறிவித்து வைத்தலும் நன்று.

கள், சாராயம், கசிப்பு ஆகியவற்றால் ஈரலுக்கு விளைந்த தீங்கை எத்தேநீரும் போக்காது. வயலில் வேலை செய்பவருக்குக் காய்ச்சலுடன் தசைநோவோ கண் மஞ்சளோ கண்டால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்குக் கசாயமோ தேநீரோ கொடுத்துக் காலந்தாழ்த்தாது, வயலில் வேலை செய்ததைக் கூறி உடனே வைத்தியசாலையிற் சிகிச்சை பெறுக.

35 வயதைக் கடந்தோரும், இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 சதமமீற்றருக்கும் பெண்களில் 80 சதமமீற்றருக்கும் மேற்பட்டோரும் அரசாங்க வைத்தியசாலையிற் குருதிச் சீனியைப் பரிசோதித்துக்கொள்ளல் வேண்டும். காலையில் வெறுவயிற்றில் எடுத்த அளவு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஆயின் நீரிழிவு என்றும், 100 முதல் 125 வரையாயின் அதன் முன்னிலை என்றும் கொள்ளப்படும். கொழுப்பு ஈரல் கண்டோர் தம் உடல் நிறையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு வரை குறைத்தால் ஈரல் பெரும்பாலும் சீரடையும். பயிர் முற்றும் காய்ந்தபின் நீர் பாய்ச்சிப் பயனில்லை. வாடத் தொடங்கும்போதே பாய்ச்சினால் அது பிழைக்கும். ஈரலும் அத்தகையதே.

சுருக்கம்

1. அளவாக அருந்தும் தேநீர் ஈரலுக்குப் பகையன்று. அது நோய்க்கு மருந்துமன்று.
2. சீனி, பனங்கட்டி, ரின்பால் மூன்றும் ஈரலுக்கு ஒன்றே. யாவும் சேர்ந்து நாளுக்கு ஆறு தேக்கரண்டியை விஞ்சலாகாது.
3. ஒரு போகத்துக்குள், மூன்று வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைக்க.
4. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணித்தியாலம் விடுக. தேநீரை ஆறவிட்டு அருந்துக.
5. தேயிலைச் சாற்றுக் குளிகைகளைத் தவிர்க்க.
6. தேநீர் உணவுக்கு ஈடாகாது; தாகத்துக்குத் தண்ணீரே முதன்மையானது.

வரும் போகத்தில் விதைநெல்லை அளக்கும் நாளிலேயே சீனிக் கரண்டியையும் அளக்கத் தொடங்கும் குடும்பம், அறுவடை நாளில் நெல்லுடன் நலத்தையும் வீட்டிற் சேர்க்கும்.